இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்து

விண்வெளிக் கப்பலைப் பற்றியும் கணினி மென்பொருளைப் பற்றியும் பேச வந்தவன், நெகிரி செம்பிலானில் உள்ள ராசாவிலிருந்து பேச்சைத் தொடங்குவானேன் என்று உங்களில் சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இயந்திரத்துக்கும் தமிழுக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கின் முக்கியமான சாட்சிகள் சிலர் மலாயா மண்ணில் வாழ்ந்தவர்கள். அந்த வழக்கில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று பார்க்கத் தோட்டப்புறத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சிரம்பானை ஒட்டியிருக்கும் ராசா, ஈயச் சுரங்கக் காலத்தில் பெயர் பெற்ற ஊர். பிறகு இந்த வட்டாரத்தில் காப்பி வந்தது. காப்பிக்குப் பின் ரப்பர் வந்தது. 1891ஆம் ஆண்டு சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. காடு வெட்டியதிலும், தண்டவாளம் போட்டதிலும், பால்மரம் சீவியதிலும் தமிழர் உழைப்பு எவ்வளவு என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்து மக்களை இயந்திரம் அறியாதவர்கள் என்று பட்டணத்தார் எண்ணுவது உண்டு. அது தவறு. உறைந்த பாலைத் தகடாக்கும் உருளையை அவர்கள் நாள்தோறும் ஓட்டினார்கள். ஆலைச் சங்கு ஊதித்தான் எழுந்தார்கள். கிராணியின் மேசையில் தட்டச்சுப் பொறி ஒன்று டக் டக் என்று ஓடுவதை அலுவலகச் சன்னல் வழியே பார்த்தார்கள். அந்தப் பொறிக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். தமிழனின் பெயர் அதற்குள் போனால் ஆங்கில எழுத்தாகி, பெரும்பாலும் பிழையாகவும் ஆகி, சம்பளப் பட்டியலில் வந்து விழும். ஒரே குடும்பத்தில் தந்தை பெயர் மூன்று விதமாக எழுதப்பட்ட பிறப்புப் பத்திரங்களை இன்றும் வைத்திருப்போர் உண்டு.

இந்த இடத்தில் தொலைக்காட்சி வருகிறது. மலேசியத் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் தொடங்கியது. அதற்குச் சரியாக ஐந்து வாரங்களுக்கு முன்புதான், நவம்பர் 23ஆம் நாள், லண்டனில் பி.பி.சி. 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் கற்பனைத் தொடரின் முதல் பகுதியை ஒளிபரப்பியிருந்தது. மூன்று ஆண்டு கழித்து 1966 செப்டம்பரில் அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொடங்கியது. மூன்று பருவங்கள், 79 பகுதிகள், 1969இல் முடிந்துவிட்டது. போதிய பார்வையாளர் இல்லை என்று நிறுத்தப்பட்ட அந்தத் தொடர் மறுஒளிபரப்பில்தான் உலகப் புகழ் பெற்றது என்பது வேடிக்கையான செய்தி.

லயத்துக்கு மின்சாரம் முழுநேரமும் வராத காலத்தில், கார் பேட்டரியை இணைத்துத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் பத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் இருப்பார்கள். தமிழ்ப் படம் போடும் நாளில் கூட்டம் முற்றத்துக்கு வெளியே நிற்கும். அமெரிக்கத் தொடர் ஓடும்போது பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். 1980களில் 'நைட் ரைடர்' தொடரில் பேசும் கார் வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட பரவசத்தைச் சொல்லி முடியாது. கார் பேசியது ஆங்கிலம். அடியில் ஓடிய வரிகள் மலாய். தமிழ் அங்கே எந்த வடிவிலும் இல்லை. அதை ஒரு குறையாகக்கூட யாரும் எண்ணவில்லை. இயந்திரம் என்றால் அதற்கு நம் மொழி தெரியாது என்பது, மழை பெய்தால் பால் வெட்டு இல்லை என்பதைப் போல, உறுதியான விஷயமாக இருந்தது.

'ஸ்டார் டிரெக்' பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் அதன் ரசிகன். அதில் மாலுமிகள் கையில் வைத்திருந்த மடக்குப் பேசியைப் பார்த்துத்தான் கைப்பேசி பிறந்தது என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். 1973 ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் தெருவில் நின்று முதல் கைப்பேசி அழைப்பைச் செய்த மோட்டரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பர், தமக்குத் தூண்டுதலாக இருந்தது அதைவிடப் பழைய 'டிக் டிரேசி' படக்கதையில் வரும் கைக்கடிகார வானொலி என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அது போகட்டும். என் வருத்தம் வேறு. அந்தக் கப்பலில் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று உண்டு. எந்தக் கோளுக்குப் போனாலும் அங்குள்ளவர்கள் பேசுவது ஆங்கிலமாகக் கேட்கும். கதாசிரியருக்கு இது வசதி. ஆனால் உலகத்தின் எல்லா மொழிகளுக்கும் உரிய சிக்கலை ஒரே கருவியில் போட்டு மூடிவிட்ட வசதி அது. எழுத்து என்று ஒன்று இருப்பதும், அது மொழிக்கு மொழி வேறுபடும் என்பதும், அதை இயந்திரத்துக்குள் ஏற்றப் பலர் வாழ்நாளைச் செலவிட வேண்டியிருக்கும் என்பதும் அந்தக் கப்பலில் யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அப்படி வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் முதலில் நிற்பவர் ஆர். முத்தையா. 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907இல் பிழைப்புத் தேடி மலாயாவுக்கு வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தார். பின்னர் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து 1930 வரை இருந்தார். ஆங்கிலத் தட்டச்சு ஓடும் அலுவலகத்தில் இருந்துகொண்டு, தமிழுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று கேட்டார். கேட்டவர் பலர் இருந்திருப்பர். உட்கார்ந்து கணக்குப் போட்டவர் அவர்.

அந்தக் கணக்கு எளிதன்று. தமிழ் எழுத்து 247 என்று பள்ளியில் படித்தோம். தட்டச்சுப் பொறியில் விசைகள் ஏறத்தாழ 46. ஒரு விசைக்கு இரண்டு உருவம் என்றால் 92 உருவங்களுக்குத்தான் இடம். உயிர் 12, அகர மெய் 18 என்று 30 போய்விடும். உகர, ஊகார வரிசைகளில் கு, கூ, சு, சூ என்று ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனி உருவம்; அவை 36. கொம்பு, துணைக்கால், புள்ளி, ஆய்தம் வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ இல்லாமல் கடிதம் எழுத முடியாது. அக்காலத்தில் ணா, றா, னா, ணை, லை போன்றவற்றுக்கு வளைந்தும் சுழித்தும் வேறு உருவங்கள் இருந்தன. இவ்வளவுக்கும் மேல் எண்களும் நிறுத்தக் குறிகளும் வேண்டும். எதைத் தனி விசையாக வைப்பது, எதைப் பிரித்து இரண்டு தட்டலில் சேர்ப்பது என்பதுதான் புதிர்.

புள்ளிக்கும் இகர, ஈகாரக் குறிகளுக்கும் அவர் கண்ட வழி மிக அழகானது. சாதாரணமாக ஒரு விசையைத் தட்டினால் எழுத்து விழும், தாள் ஓர் இடம் நகரும். புள்ளியைத் தட்டும்போது தாள் நகரக்கூடாது. குறி விழுந்தபின் அதே இடத்தில் மெய்யெழுத்து வந்து அமர வேண்டும். இதற்கு நகரா விசை என்று பெயர். எழுதும்போது நாம் எழுத்தைப் போட்டபின் புள்ளி வைக்கிறோம்; பொறியில் புள்ளி முதலில், எழுத்து பின்பு. தட்டச்சுப் பழகியவர்களின் விரல்களுக்கு அந்த வரிசை நன்றாகத் தெரியும். முத்தையாவின் முதல் பொறி 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரில் வந்தது. பின்னர் கையில் எடுத்துச் செல்லத்தக்க 'பிஜு', 'ஐடியல்' என்ற சிறு பொறிகளும் வந்தன. எல்லாம் ஜெர்மனியில் செய்யப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயா ரயிலில் வேலை செய்து, சிங்கப்பூரில் சிந்தித்து, ஜெர்மனியில் வார்க்கப்பட்ட தமிழ்! விண்வெளிக் கதைகளில்கூட இவ்வளவு பயணம் இருக்காது.

எழுத்தே சற்று இறங்கி வந்ததும் உண்டு. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றன. பழைய ணாவையும் லையையும் இழந்ததற்காக வருந்தியவர்கள் உண்டு. ஆனால் அச்சுக் கோப்பவருக்கும், அடுத்து வரவிருந்த கணினிக்காரருக்கும் அது சுமையைக் குறைத்தது.

கணினி மலேசியாவுக்கு வந்தது 1960களின் நடுவில். அப்போது அது ஒரு கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்ட பெரும் பொறி. தேசிய மின்சார வாரியம் போன்ற நிறுவனங்களே அதை வைத்துக்கொள்ள முடிந்தது. மேசைமேல் வைக்கும் கணினி பரவியது 1980களில். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில்தான் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். கேரித் தீவுத் தோட்டப்புறத்தோடு தொடர்புடைய குடும்பம் அவருடையது. தந்தை, மலேசியத் தமிழ்க் கவிதைகளைப் பெருந்தொகுப்பாகத் தொகுத்த ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன். தந்தையின் பெயரில் இருந்த முரசுதான் மென்பொருளுக்கும் பெயராயிற்று. முதலில் ஒரு முத்தையா, பிறகு ஒரு முத்து. பெயர்ப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு இது நல்ல தீனி.

மென்பொருள் என்றால் என்ன வேலை என்று சிலர் கேட்பதுண்டு. கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தின் பெரிய 'ஏ' எழுத்துக்கு 65 என்று எண். இது எல்லாக் கணினிக்கும் பொது. அந்நாளில் மொத்தம் 256 எண்களுக்கே இடம். அதில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் போய்விட்டது. மீதி இடத்தில் தமிழை வைக்க வேண்டும். முத்தையாவின் 92 உருவப் புதிர் மீண்டும் வேறு வேடத்தில் வந்து நின்றது. 'க' என்பதற்கு எந்த எண் என்று தீர்மானிக்கும் பொது நாட்டாண்மை எதுவும் இல்லாததால், ஒவ்வொருவரும் தாம் விரும்பியபடி ஒரு எண்ணைக் கொடுத்தார்கள்.

விளைவு என்ன தெரியுமா? சென்னையில் ஒருவர் தமிழில் தட்டச்சு செய்து வட்டில் அனுப்பிய கட்டுரையைச் சிரம்பானில் திறந்தால், தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும்தான் தெரியும். அதே எழுத்துருவை வாங்கிப் போட்டால்தான் படிக்கலாம். பத்திரிகைக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று எழுத்துருக்கள் பெருகின. ஒரு மொழிக்குள்ளேயே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்ட காலம் அது. 'ஸ்டார் டிரெக்' கப்பலில் இருந்த கருவியை யாராவது அப்போது கொண்டுவந்து கொடுத்திருந்தால் நம்மவர்கள் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றத்தான் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

இந்தக் குழப்பத்தில் கூடி உட்கார்ந்து பேச வேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளில் தோன்றியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998இல் பழைய நூல்களை மின்வடிவாக்கும் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 1995இலேயே சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்றின் வழியாகத் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதில் அவர் பங்கு பெரிது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு. அதையொட்டித் தமிழ்நாட்டு அரசு தமிழ் 99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்த பலகை அது. இலக்கணம் தெரிந்தவர் விரைவில் பழகலாம். அவ்வாண்டிலேயே கோவிந்தசாமி மறைந்தார். 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், சுருக்கமாக உத்தமம், உருவாயிற்று. 2001இல் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

ஆயினும் தமிழ் 99ஐ விட நம் இளைஞர்கள் கையில் பரவியது அஞ்சல் முறை. அம்மா என்று வேண்டுமானால் ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் தமிழில் அம்மா வரும். தூய தமிழன்பர்கள் சிலர் இதை வெறுத்தார்கள். தமிழ் எழுத ஆங்கிலத்தின் தோள் தேவையா என்றார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் தட்டச்சு வகுப்புக்குப் போக நேரமோ காசோ இல்லாத தோட்டத்துப் பிள்ளையை மறுநாளே தமிழில் கடிதம் எழுத வைத்தது இந்த வழிதான்.

இதற்கிடையே யூனிகோடு வந்தது. உலகத்தின் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே பொது எண் வரிசை. 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த இடம் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த அமைப்பைப் பின்பற்றியது. 'தமிழ்' என்ற சொல்லில் நாம் மூன்று எழுத்து எண்ணுகிறோம். யூனிகோடு ஐந்து எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தொல்காப்பியர் மெய்யைத்தான் அடிப்படையாகக் கொண்டார், இவர்கள் அகரமேறிய மெய்யை அடிப்படையாக்கிப் புள்ளியை ஒட்டு வைக்கிறார்களே என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும், ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் மற்றொரு முறையையும் தரங்களாக அறிவித்தது. உலகம் முன்னதோடு போய்விட்டது. குறையுள்ள பொது வழி, குறையற்ற தனி வழியை வென்றுவிட்டது என்றே நான் கருதுகிறேன். வேறு விதமாக நடந்திருந்தால் கொம்பு முளைத்த எழுத்துகளை இன்னும் பார்த்துக்கொண்டிருப்போம்.

இனி ஒரு நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றியவர். 1980களில் அவர் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையை எழுதினார். எதிர்கால இந்தியா, ஜீவா என்ற சர்வாதிகாரி, காணாமற்போன கணவனைத் தேடும் நிலா என்ற பெண், அவளுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய். கதை பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. நம் வீட்டு ஏரியலுக்குச் சென்னைத் தூர்தர்ஷன் எட்டாது. 1996இல் ஆஸ்ட்ரோவின் வானவில் ஒளியலை வரும்வரை இந்தியாவின் தொலைக்காட்சித் தொடர்கள் இங்கே பரவலாகக் கிடைத்ததில்லை. ஆனால் விகடன், சில வாரம் தாமதமாயினும், சிரம்பான் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

ஜீனோ தமிழில் பேசும். புத்தகம் படிக்கும். கிண்டலும் செய்யும். இதற்கு என்ன பெருமை என்று கேட்காதீர்கள். பேசும் காரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, இயந்திரம் தன் வீட்டு மொழியில் குறும்பு பேசும் என்று முதலில் காட்டியது அந்த நாய்தான். தொலைக்காட்சித் தொடர் என்ற அளவில் ஜீனோவை அமெரிக்கத் தொடர்களோடு ஒப்பிட்டால் செலவிலும் தந்திரக் காட்சியிலும் ஈடு நிற்காது. கற்பனையின் துணிவில் எனக்கு ஜீனோதான் உயரம். சுஜாதா 2008இல் மறைந்தார். கதை நடப்பதாக அவர் வைத்த 2020களை நாம் இப்போது கடந்துகொண்டிருக்கிறோம்.

கைப்பேசியில் தமிழ் வந்ததும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம். 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' அறிமுகமாயிற்று. அக்காலத்துக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலமானால் 160 எழுத்து போகும்; யூனிகோடில் தமிழானால் 70 இடம்தான், அதிலும் 'தமிழ்' என்பதற்கு ஐந்து இடம். ஆக, தமிழில் வாழ்த்து அனுப்பினால் காசு கூட. அப்படியும் அனுப்பினார்கள். ஆப்பிள் கணினிகளில் 'இணைமதி' எழுத்துரு சேர்ந்ததும் அந்தப் பத்தாண்டில்தான்.

அதே ஆண்டுகளில் ராசாவைச் சுற்றி வேறொன்றும் நடந்தது. தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சிரம்பான் 2 போன்ற புதுநகரங்கள் எழுந்தன. ஒரே லயத்தில் சுவர் பகிர்ந்து வாழ்ந்தவர்கள் நீலாய்க்கும், கிள்ளானுக்கும், ஜொகூருக்கும் போனார்கள். பெரட்டுக் களத்தில் வாய்மொழியாகப் பரவிய செய்தி இனி எழுத்தாகித்தான் பயணம் செய்ய வேண்டியிருந்தது. சாவுச் செய்தி, திருமண அழைப்பு, கோவில் திருவிழாத் தேதி எல்லாம் கைப்பேசிக்குள் போயின. அந்தப் பேசிக்குத் தமிழ் தெரிந்திராவிட்டால் அவை மலாயிலோ ஆங்கிலத்திலோ போயிருக்கும். பாட்டிக்கு வேறு யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள்.

இன்று இயந்திரம் பேசவும் தொடங்கிவிட்டது. கேட்டால் தமிழில் பதில் சொல்லும். அது கற்ற தமிழ் பெரும்பாலும் அச்சிலும் இணையத்திலும் கிடைத்த தமிழ். மண்டோர், கிராணி, ஆயாக்கொட்டகை, பெரட்டு என்று ராசா வட்டாரத்துப் பெரியவர் பேசினால் அது எங்கே தடுமாறும் என்பதை, பேரப்பிள்ளையின் கைப்பேசியை வாங்கி நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எழுதப்படாத சொல்லை இயந்திரம் எங்கே போய்ப் படிக்கும்?

ஒரு சிறு செய்தியோடு நிறுத்துகிறேன். முந்திரி, அரைக்காணி, காணி, மா, மாகாணி என்று பழைய தமிழ்ப் பின்னங்கள் உண்டு. செட்டியார் கணக்கேடுகளில் அவற்றின் குறிகளைக் காணலாம். தட்டச்சுப் பொறிகளில் பொதுவாக அவற்றுக்கு இடம் கிடைத்ததில்லை. 2019 மார்ச்சில் வெளியான யூனிகோடின் 12ஆம் பதிப்பில், இத்தகைய பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் சேர்த்து 51 இடங்கள் தரப்பட்டன. நெல்லளவு, நிலவளவு, காசுக் கணக்கு எல்லாம் இப்போது எண் பெற்றுவிட்டன. வீட்டில் பழைய கணக்கேடு வைத்திருப்பவர்கள் இனி அதை அப்படியே தட்டச்சு செய்யலாம்.